மதியம் வந்து நிற்கும் ஆள்

என் அண்ணி வேலை பார்த்தது ஒரு கேம் கம்பெனியில். வெளியே சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். தலையை இறுக்கிப் பின்னி, கையில் குடையும் தோளில் பையுமாகக் கிளம்புகிறவரை எந்த அலுவலகத்துக் கணக்குப் பிரிவிலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வைக்கலாம். விளையாட்டோடு மட்டும் அவரைச் சேர்த்துப் பார்க்க முடியாது. வாழ்நாளில் அவர் ஒரு கேமைக்கூட முழுதாக ஆடி முடித்ததில்லை.

கம்பெனி ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே தோலும் பசையும் கலந்த வாடை மூக்கில் ஏறும். உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அண்ணியைவிட ரொம்பச் சின்னவர்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எண்ணம்மா'. எண்களோடு குடித்தனம் நடத்துகிறவர் என்று அர்த்தம். யாராவது "எண்ணம்மா" என்று கூப்பிட்டால் அவர் தலையைத் தூக்காமலே "என்னப்பா?" என்பார். அந்த அலுவலகத்தில் தினமும் ஓடின ஒரே நகைச்சுவை அதுதான். ஒருவருக்கும் அது சலிக்கவில்லை.

அவர்கள் செய்த கேம் ஒரு தெரு. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தெருவில் ஒரு மனை உண்டு. இஷ்டப்படி வீடு கட்டலாம், சாமான் போடலாம், விளக்கேற்றலாம். கதவைப் பூட்டாமல் வைத்தால் பக்கத்து வீட்டு ஆட்டக்காரர்கள் உள்ளே வந்து கட்டிலையோ மேசையையோ நகர்த்தி உதவலாம். உதவினால் அவர்களுக்குப் புள்ளி கிடைக்கும். சண்டை, துப்பாக்கி எதுவும் கிடையாது. வேலை முடிந்து களைத்துப் போய் உட்காருகிறவர்களுக்கு என்றே செய்தது.

யார் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எந்தக் கதவில் முட்டிக்கொண்டு திரும்புகிறார்கள், எங்கே அலுத்துப்போய்க் கேமை மூடுகிறார்கள் என்பதெல்லாம் கம்பெனிக்கு வந்து சேரும். அதைப் படித்து, எது சரியில்லை என்று சொல்வதுதான் அண்ணியின் வேலை. ஆட்டக்காரரின் பெயர் வராது, ஊர் வராது, வயதும் வராது. ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் பின்னிய ஒரு சிக்கல்தான் அடையாளம். திரையில் அது ஒரு புள்ளியாக ஊர்ந்து போகும்.

அந்த வேலையை அண்ணி நம்பினார். ஒரு முறை நிறையப் பேர் குறிப்பிட்ட ஒரு கதவின் முன்னால் வந்து திகைத்து நிற்பதைக் கண்டுபிடித்தார். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களால் அந்தக் கதவைத் திறக்கவே முடியவில்லை. அவர்களில் ஒருவர்கூட எழுதிப் புகார் செய்யவில்லை, பேசாமல் போய்விட்டார்கள். கதவின் நிறத்தை மாற்றியதும் போனவர்கள் மறுபடி வந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னிடம், "வாய் திறந்து கேக்காதவங்க எத்தனை பேரு பாரு குட்டி. நாம பாக்கலைன்னா யாரு பாப்பாங்க?" என்றார். நான் மருந்துக்கடையில் நாள் முழுதும் நின்று சம்பாதிக்கிற பெண், தலையில் நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது. என்றாலும் வீட்டில் என் பெயர் குட்டிதான்.

அதே அண்ணிதான் முதலாளியோடு மல்லுக்கு நின்றவரும். ஆட்டக்காரர்கள் எந்த நேரத்தில் மனம் தளர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த நேரம் பார்த்துக் கடை விரிக்கலாமே என்பது முதலாளியின் யோசனை. அதற்கு ஆட்டக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. கேம் திறக்கும்போது வருகிற வாசகத்தை அவரே எழுதினார்: 'நீங்கள் எப்படி விளையாடுகிறீர்கள் என்று பார்ப்போம். நீங்கள் யார் என்று ஒருபோதும் தேட மாட்டோம்.' தேவை முடிந்த பதிவுகளை மாதக் கடைசியில் அழித்துவிட வேண்டும் என்று விதி எழுதியவரும் அவரே. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர். அண்ணன் மூத்தவன், நான் நடுவில், எனக்குக் கீழே சின்னவன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் உச்சியில் இயந்திர அறைகளில் தனியாக வேலை பார்ப்பவன். சின்னவனுக்கு ஒரு வேலையும் நிலைக்கவில்லை. அதற்காக அவனை யாரும் கரித்துக் கொட்டவும் இல்லை. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, "வந்துடறேன்" என்று வெளியே போனான். வரவில்லை.

சண்டையில்லை, கடிதமில்லை. காதல், கடன் என்று எந்த வதந்தியும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்காவது ஆள் அடையாளம் தெரியாத சடலம் கிடைத்தால் எங்களுக்கு ஃபோன் வரும். அண்ணன்தான் போவான். அம்மாவையும் என்னையும் அழைத்துப் போகமாட்டான். திரும்பி வந்து வாசலிலேயே நின்று, "அவன் இல்ல" என்பான். பிறகு குளிக்கப் போவான். தண்ணீர் விழுகிற சத்தம் வெகு நேரம் கேட்கும். ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் அவனுடைய பேச்சு கொஞ்சம் குறைந்தது. அம்மா இறந்தபோது அவன் ஏறக்குறைய ஊமை. அண்ணியும் வந்து வாழ்ந்த அந்தப் பழைய வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டு வண்டி பழுது பார்க்கும் பட்டறை போட்டார். நாங்கள் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். சின்னவனின் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அண்ணன் எழுந்து போய்விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணி என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது.

"உங்க பழைய வீட்டை ஒருத்தர் கட்டியிருக்காரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். கேமில் எல்லோரும் அறைகளில் நடமாடுவார்கள், எதையாவது வாங்குவார்கள், விற்பார்கள். ஒரு புள்ளி மட்டும் மதிய வேளையில் வருகிறது. நேராக ஒரு சின்ன அறைக்குள் போகிறது. எதையும் தொடாமல் நிற்கிறது. பிறகு போய்விடுகிறது. கேமில் ஏதோ கோளாறு, ஆட்டக்காரர் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து அந்த வீட்டின் வரைபடத்தை அண்ணி திறந்து பார்த்திருக்கிறார்.

அதில் எங்கும் போய்ச் சேராத ஒரு மாடிப்படி இருந்தது. அப்பா மேல்தளம் எழுப்பப் போகிறேன் என்று படியை முதலில் கட்டினார். மேல்தளம் கடைசிவரை வரவில்லை. படி ஏறிப் போனால் சுவரில் மூக்கு இடிக்கும். அதற்கு அடியில் அம்மா விறகும் பழைய பாத்திரமும் அடைத்து வைத்திருப்பாள். சமையலறைக்கும் சின்ன அறைக்கும் நடுவே இருந்த கதவை எடுத்துவிட்டு அரைச்சுவர் எழுப்பி, மேல்பாதியைத் திறந்து விட்டிருந்தோம். சின்னவன் அந்த வழியாகத்தான் தட்டை நீட்டுவான். அரைச்சுவரும் அப்படியே இருந்தது. கொல்லைப் பக்கம் கோணலாக வளைந்த மதிலும் இருந்தது. சின்ன அறையில் கட்டில் ஜன்னலுக்குக் கீழே கிடந்தது.

கட்டில் எந்தப் பக்கம் என்று அண்ணியை மறுபடி சொல்லச் சொன்னேன். மழைச்சாரல் அடிக்கிறது என்று அம்மா அந்தக் கட்டிலைச் சுவரோரம் தள்ளுவாள். சின்னவன் மறுபடி ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போடுவான். வருஷக்கணக்கில் இருவருக்கும் நடுவே நடந்த ஊமைச் சண்டை அது.

அந்த வீட்டை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? நான் கேம் ஆடுகிறவளில்லை. அண்ணன் செய்தியைக்கூடப் பேப்பரில்தான் படிப்பான். மீதி ஒருவன்தான்.

சாப்பிடும்போது அண்ணி அண்ணனிடம் சொன்னார். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் அவன் கை அப்படியே நின்றது. கோபப்படவில்லை, எழுந்தும் போகவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"தினமும் பாக்கறியா?"

"தினமும் பாக்கறேங்க."

தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

மறுநாளிலிருந்து அந்தப் புள்ளி ஒரு நாள்கூடத் தவறவில்லை. முன்பெல்லாம் விட்டு விட்டு வருமாம். இப்போது தினமும் வந்தது, முன்பைவிட அதிக நேரம் நின்றது. ஒரு நாள் சின்ன அறையில் விளக்கெரிந்தது. இன்னொரு நாள் சமையலறையிலும் எரிந்தது. அண்ணி சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் முகத்தைப் படித்துவிடுவேன். "வந்தாரு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் மருந்துக்கடையில் நாள் முழுவதும் காத்திருந்தேன். மருந்துச் சீட்டைப் படிக்கும்போது என்னையறியாமல் சிரித்தேன். சின்னவனுக்கென்று ஒரு சட்டை வாங்கினேன். வாங்கிய பிறகுதான், அவன் இப்போது இளைத்திருக்கிறானோ பெருத்திருக்கிறானோ என்று தோன்றிப் பயம் வந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் புள்ளி பேசாது. யாரையும் தேடாது. ஒரு வெற்று வீட்டுக்குள் வந்து நிற்கும், போகும். உயிரோடு இருக்கிறவர்கள் அப்படியா வருவார்கள் என்று அண்ணியே ஒரு நாள் முணுமுணுத்தார்.

நிற்கிறவனுக்கு அம்மா போனது தெரியுமா, தெரியாதா? அது என்னை அரித்தது. எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடியுங்கள் என்று அண்ணியை நச்சரிக்க ஆரம்பித்தேன். அவருடைய அலுவலகத்தில் மீசை என்று அழைக்கப்பட்ட புரோகிராமர் ஒருவர் இருந்தார். மீசையை எப்போதோ எடுத்துவிட்டார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆட்டக்காரரின் இணைய முகவரி சர்வர் வரைக்கும் வரத்தான் செய்கிறது, வந்ததும் தூக்கியெறிகிறோம், எறியாமல் ஒரு நாள் வைத்திருக்க ஒரு வரியை மாற்றினால் போதும், எந்தப் பகுதி, சில சமயம் எந்தக் கட்டடம் என்றுகூட வந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார்.

"தேட மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கேன் குட்டி. அவர் அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வந்திருப்பாரு" என்றார் அண்ணி.

"ஊருக்கு எழுதினதை வீட்டு ஆளுக்கும் பாப்பீங்களா?"

"ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆளுதானே."

  அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒருவரையொருவர் தொடாமல் சுற்றி நடந்தோம். இதையெல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அலமாரியில் துணி அடுக்கும்போது அந்தச் சட்டை அண்ணியின் கண்ணில் பட்டிருக்கிறது. விலைச்சீட்டைக் கிழித்து, மடித்து, என் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். அடுத்த நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது குடையை எடுக்காமல் நின்றார். "இன்னிக்கு மீசைகிட்ட சொல்லி அந்த வரியை மாத்தச் சொல்லிடறேன். வேலை போனாப் போகுது" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். சொன்ன வார்த்தையை மீறுவதென்றால் அவருக்கு எலும்பு முறிகிற மாதிரி. முகத்தில் அது தெரிந்தது.

அண்ணன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமல், "வேணாம்" என்றான்.

"ஏன் வேணாம்?" என்று நான் எகிறினேன்.

"மாத்தினா என் வேலை இடத்து விலாசம்தான் வரும். அது நான்தான்."

 பிறகு அவன் சொல்லிக்கொண்டே போனான். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மனைவி வேலை பார்க்கும் கேமாயிற்றே என்று ஒரு நாள் ஃபோனில் போட்டுப் பார்த்திருக்கிறான். மனையைக் கொடுத்ததும் கை தானாக அந்தப் படியைக் கட்டியதாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மோட்டார் அறையில், லிஃப்ட் கயிறுகள் ஏறி இறங்கும் சத்தத்தில் உட்கார்ந்து சுவர் சுவராக எழுப்பியிருக்கிறான். ஒவ்வொரு சடலத்தையும் பார்த்துவிட்டு வந்த பிறகு அவன் கண்ணில் சின்னவனின் முகம் மங்கிக்கொண்டே போயிற்று. பார்த்த முகங்கள்தான் நின்றன. அந்த அறைக்குள் போய் நின்றால் மட்டும் சரியான முகம் ஞாபகம் வந்தது என்றான்.

"நாங்க நம்பிட்டு இருந்தோமே. முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். 

"ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு அவன் இல்ல, அவன் இல்லன்னு நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல வாய் வரல."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதது சின்னவனுக்காக இல்லை. "உங்க மனசுக்குள்ள செருப்புக் காலோட நடந்திருக்கேன். அதை ஒண்ணு விடாம உங்க தங்கச்சிகிட்ட வேற சொல்லியிருக்கேன்" என்றார். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ பாக்கறேன்னு தெரிஞ்ச அப்புறந்தான் தினமும் போனேன். அங்க தனியா நிக்கற மாதிரி இல்ல" என்றான்.

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. என் தம்பி மறுபடி ஒரு தடவை காணாமல் போயிருந்தான். ஏதாவது சொல்லிக் குத்த வேண்டும் என்றே, "கட்டிலைக் கூட விடலையே நீ. அவன் போடற மாதிரியே ஜன்னலுக்குக் கீழ போட்டிருக்கே" என்றேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கட்டிலை நான் சுவரோரம்தான் போட்டேன். அம்மா போடற மாதிரி."

ஒரு நாள் போய்ப் பார்த்தபோது அது ஜன்னலுக்குக் கீழே இருந்திருக்கிறது. தன் விரல்தான் பட்டிருக்கும் என்று நினைத்து மறுபடி சுவரோரம் தள்ளினானாம். அடுத்த முறை போனபோது திரும்பவும் ஜன்னலுக்குக் கீழே. அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டான்.

 அண்ணிதான் முதலில் பேசினார். புள்ளி சேர்க்கிற பிள்ளைகள் வீடு வீடாகப் புகுந்து சாமான் நகர்த்துவது வழக்கம், ஏதோ ஒரு குழந்தை செய்திருக்கும் என்றார். ஒரு குழந்தைக்கு அந்த இடம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் யார் வந்து போனார்கள் என்ற பதிவு இருக்குமே என்று மட்டும் கேட்டேன். இருந்தது, மாதக் கடைசியில் அழிந்துவிட்டது என்றார். விதி எழுதியது யார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"உங்க நேர்மையை வெச்சுகிட்டு நான் என்ன அண்ணி பண்றது?" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று மதியம் அண்ணன் கட்டிலைச் சுவரோரம் தள்ளி வைத்தான். காத்திருந்தோம். அதை நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, தானாக நடந்தது. சாயங்காலம் மூன்று பேரும் அவனுடைய ஃபோனைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். கட்டில் சுவரோரமே இருக்கும். அடுத்த நாளும் அங்கேயே இருக்கும். வாரங்கள் போயின. தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மேசைகளை நகர்த்தி நகர்த்திப் புள்ளி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் அண்ணன் அதை ஜன்னலுக்குக் கீழே தானே இழுத்துப் போட்டுவிட்டு ஃபோனை மூடினான். அதற்கப்புறம் அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் பேசத் தொடங்கியிருந்தான். சின்னவன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கிவிட்டு அதை எட்டு என்று திருத்திக் கொண்டு வந்தது எல்லாம் அவன் வாயிலிருந்து வந்தன. சில நாள் சிரித்தோம்.

அண்ணி அலுவலகத்தில் மறுபடி மல்லுக்கு நின்றார். பெயர் இல்லை என்பதால் மட்டும் ஆள் இல்லை என்று ஆகிவிடாது, நடையைப் பார்த்து ஆளைச் சொல்ல அவரவர் வீட்டாரால் முடியும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்டதற்கு, தெரியும் என்றாராம், அவ்வளவுதான். ஒன்றையும் பார்க்கவே கூடாது என்று மீசை ஒரு பக்கம் இழுத்தார். பார்க்காவிட்டால் திறக்காத கதவின் முன்னால் நிற்கிறவர்களை யார் கவனிப்பது என்று அண்ணி அவரோடும் ஒத்துப்போகவில்லை. முடிவில், பார்க்கலாமா என்று முதலிலேயே ஒவ்வொருவரையும் கேட்பது, வேண்டாம் என்றால் எதையும் எடுக்காமல் விடுவது என்று ஆயிற்று. கொஞ்ச நாளில் அண்ணி வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து நேரங்களை வகுத்துக் கொடுக்கிறார். புள்ளிகளைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை என்றார்.

நானும் அவரும் பேசிக்கொள்கிறோம். பழைய மாதிரியே என்று சொல்ல முடியாது. சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை.

போன மாதம், மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத ஒரு மதியம், என் ஃபோனில் அந்த கேமைப் போட்டேன். ஒரு மனை கொடுத்தார்கள். நீங்கள் விளையாடுவதைப் பார்க்கலாமா என்று கேட்டது. அந்தப் பக்கம் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்க்கலாம் என்று அழுத்தினேன். இன்னும் ஒரு சுவர்கூட எழுப்பவில்லை. வாடிக்கையாளர் யாராவது வருகிற வரைக்கும் வெறும் மனையில் நின்றுகொண்டிருக்கிறேன்.